ஒரு சொல் ஓடிய தூரம்

அக்கா பையன் ஆறாம் வகுப்பு படிக்கிறான். போன மாதம் அவர்கள் வீட்டுக்குப் போயிருந்தபோது மொழிபெயர்ப்பு நோட்டைக் கொண்டுவந்து என் மடியில் போட்டு, "மாமா, இது அநியாயம்" என்றான். பத்து வாக்கியங்களில் நான்குக்கு டீச்சர் சிவப்பு மையில் இன்ட்டு போட்டிருந்தார். நான்கிலும் இருந்தது ஒரே வினைச்சொல்: ரன்.

'மை அங்கிள் ரன்ஸ் எ ஹோட்டல்' என்பதை 'என் மாமா ஒரு ஹோட்டலை ஓடுகிறார்' என்று எழுதியிருந்தான். 'ஹர் நோஸ் இஸ் ரன்னிங்' என்பது 'அவள் மூக்கு ஓடிக்கொண்டிருக்கிறது' ஆகியிருந்தது. 'வீ ஹேவ் ரன் அவுட் ஆஃப் சுகர்' என்பதற்கு, 'நாங்கள் சர்க்கரையிலிருந்து வெளியே ஓடிவிட்டோம்'. 'ஷீ ரேன் ஃபார் பிரசிடென்ட்' என்பதற்கு, 'அவள் ஜனாதிபதிக்காக ஓடினாள்'.

சிரிப்பை அடக்கிக்கொண்டேன். அவன் முகம் சிரிக்கும் நிலையில் இல்லை. "டிக்‌ஷனரில ரன்னா ஓடுன்னுதானே போட்டிருக்கு?" என்று கேட்டான். கையிலிருந்த பாக்கெட் அகராதியில் அப்படித்தான் போட்டிருந்தது. ஒரே வரி, ஒரே பொருள். பையன் மேல் தப்பில்லை. ஆங்கிலத்தின் மிகப் பெரிய அகராதியில் இந்த மூன்றெழுத்துச் சொல்லுக்குப் பொருள் சொல்லி முடிக்க ஓர் ஆசிரியருக்கு ஒன்பது மாதத்துக்கு மேல் ஆனது.

அறுநூற்று நாற்பத்தைந்து

ஆக்ஸ்போர்டு ஆங்கில அகராதியில் எந்தச் சொல் அதிக இடம் பிடிக்கிறது என்பது, அகராதிக்காரர்களுக்குள் நடக்கும் ஒரு நீண்ட ஓட்டப்பந்தயம். 1989-இல் இருபது தொகுதிகளாக வந்த இரண்டாம் பதிப்பில் முதலிடம் 'செட்' என்ற சொல்லுக்கு. சுமார் 430 பொருள்கள். அந்த ஒரு சொல்லின் பதிவு மட்டும் ஏறக்குறைய 60,000 வார்த்தைகள். ஒரு சின்ன நாவலின் அளவு.

பிறகு மூன்றாம் பதிப்புக்கான திருத்த வேலை தொடங்கியது. எம் எழுத்திலிருந்து ஆரம்பித்தார்கள். 2000-இல் 'மேக்' திருத்தப்பட்டு 'செட்'டை முந்தியது. 2007-இல் 'புட்' முந்தியது. 2011-இல் 'ரன்' வந்து எல்லோரையும் பின்னுக்குத் தள்ளியது. பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியர் உட்கார்ந்து பிரித்தெடுத்த கணக்குப்படி, வினைச்சொல்லாக மட்டும் அதற்கு 645 பொருள்கள்.

இந்தப் பட்டியலில் இருக்கும் சொற்களைப் பாருங்கள்: செட், மேக், புட், ரன். எல்லாம் எல்.கே.ஜி. குழந்தைக்குத் தெரிந்த சொற்கள். வாயில் நுழையாத லத்தீன் சொல் எதுவும் இங்கே இல்லை. 'போட்டோசிந்தசிஸ்' என்ற நீளமான சொல்லுக்கு ஒரே ஒரு வேலைதான். 'ரன்'னுக்கோ வீட்டு வேலை, கடை வேலை, ஆபீஸ் வேலை எல்லாம்.

கண்ணில் படாத சொற்கள்

எளிய சொல்தான் கஷ்டமான சொல் என்பதைப் பட்டு உணர்ந்தவர் ஜேம்ஸ் மர்ரே. பள்ளி ஆசிரியராக இருந்த அவர், 1879-இல் இந்த அகராதியின் ஆசிரியர் பொறுப்பை ஏற்றார். தோட்டத்தில் இரும்புத் தகட்டால் ஒரு கொட்டகை போட்டு, அதற்குள் மரச்சட்டத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட புறாக்கூடு போன்ற அறைகள் அமைத்தார். உலகெங்கும் இருந்த தன்னார்வ வாசகர்கள் புத்தகங்களைப் படித்து, ஒரு சொல் வரும் வாக்கியத்தைத் துண்டுச்சீட்டில் எழுதி அனுப்புவார்கள். சீட்டுகள் அந்த அறைகளில் சேரும். அவற்றை மேசையில் பரப்பி, ஒரே பொருள் வரும் சீட்டுகளை ஒரே கட்டாக அடுக்கி, கட்டுக்கு ஒரு விளக்கம் எழுதுவார்கள்.

இதில் மர்ரேயை ஒரு விஷயம் வாட்டியது. வாசகர்கள் அபூர்வமான சொற்களைத் தேடித் தேடி அனுப்பினார்கள். சாதாரணச் சொற்களை அப்படியே தாண்டிப் போனார்கள். 'அப்யூஷன்' என்ற வழக்கொழிந்த சொல்லுக்குச் சுமார் 50 சீட்டுகள் வந்திருந்தன. எல்லோரும் பயன்படுத்தும் 'அப்யூஸ்' என்ற சொல்லுக்கு ஐந்துகூட இல்லை. வீட்டில் விருந்தாளி வந்தால் தெரியும். தினமும் சமைத்துப் போடுகிறவர் இருப்பது தெரியாது. சொற்களிலும் அதே கதைதான்.

மர்ரே 1915-இல் இறந்தார். முதல் பதிப்பு முழுமையாக வந்தது 1928-இல். அதற்குள் 18 லட்சத்துக்கும் மேற்பட்ட மேற்கோள்கள் அச்சேறியிருந்தன.

காலும் தண்ணீரும்

சரி, ஒரு சொல்லுக்கு எப்படி இத்தனை பொருள் வந்து சேர்ந்தது? யாரும் கமிட்டி போட்டுக் கொடுக்கவில்லை. ஒன்றிலிருந்து ஒன்றாகக் கிளைத்தது.

ஆயிரம் வருடத்துக்கு முந்தைய பழைய ஆங்கிலத்தில் இது ஒரு சொல் இல்லை, இரண்டு. 'ரின்னன்' என்பது தானே ஓடுவது, தண்ணீர்போலப் பாய்வது. 'ஆர்னன்' என்பது குதிரையை ஓடச் செய்வது, சவாரி போவது. தமிழ் படித்தவர்களுக்கு இது பழகிய விஷயம். ஓடு என்றால் தன்வினை, ஓட்டு என்றால் பிறவினை. ஆடு – ஆட்டு, கூடு – கூட்டு போல. நாம் இன்றுவரை இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் இரண்டும் காலப்போக்கில் ஒன்றோடொன்று கலந்து 'ரன்' என்று ஒரே சொல்லாகிவிட்டன. பையன் 'ஹோட்டலை ஓடுகிறார்' என்று எழுதியதன் வேர் இங்கேதான் இருக்கிறது. ஓர் ஒற்றெழுத்து கூட்டி 'ஓட்டுகிறார்' என்று எழுதியிருந்தால் முக்கால் கிணறு தாண்டியிருப்பான். "ஏதோ கடையை ஓட்டிக்கிட்டு இருக்கேன்" என்று நம்மூர் வியாபாரிகள் சொல்வதும் அதுதானே!

இன்னொரு வேடிக்கை. முன்னாள் சாம்பியன் 'செட்' இருக்கிறதே, அதுவும் ஒரு பிறவினைதான். உட்காருவது 'சிட்', உட்காரவைப்பது 'செட்'. அந்தக் குடும்பத்தில் தாயும் மகளும் தனித்தனியாக நின்றார்கள். 'ரன்' குடும்பத்தில் ஒரே உடலில் சேர்ந்துகொண்டார்கள்.

'ரின்ன'னில் ஆரம்பத்திலேயே இரண்டு காட்சிகள் இருந்தன: கால் ஓடுவது, நீர் ஓடுவது. 645-இல் பெரும்பகுதியை இந்த இரண்டு காட்சிகளோடு ஏதாவது ஒரு வழியில் முடிச்சுப் போடலாம். நீர் ஓடுவதிலிருந்து குழாய் ஓடுகிறது, மூக்கு ஒழுகுகிறது, துவைக்கும்போது சாயம் இறங்குகிறது, மெழுகு உருகி வழிகிறது. ஆங்கிலத்தில் எல்லாம் 'ரன்'. நீர் ஒரு தடத்தில் போகும். எனவே மலையடிவாரத்தில் சாலை 'ரன்' ஆகிறது, சுவரோரம் ஒயர் 'ரன்' ஆகிறது. சாலை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. அதன் நீளத்தில் ஓடுவது நம் பார்வை. அதே தடம் தலைமுறைகளில் இறங்கினால், சர்க்கரை வியாதி ஒரு குடும்பத்தில் 'ரன்' ஆகிறது. பாத்திரத்திலிருந்து நீர் ஓடிவிட்டால் பாத்திரம் காலி. ஆகவே சர்க்கரை டப்பா காலியானாலும் 'ரன் அவுட்'.

கால் கிளை வேறு பக்கம் போனது. ஓடுகிறவர் போட்டி போடுகிறார். அதனால் அமெரிக்காவில் தேர்தலில் போட்டியிடுபவர் 'ரன்' செய்கிறார். பிரிட்டனில் அதே வேட்பாளர் 'ஸ்டாண்ட்' செய்கிறார். நாமும் 'தேர்தலில் நிற்கிறார்' என்றுதான் சொல்கிறோம். ஒரே வேலையை ஓர் ஊரில் ஓடியும் இன்னோர் ஊரில் நின்றும் செய்ய முடிகிறது.

கிரிக்கெட்டைப் பாருங்கள். மட்டையாளர்கள் இரு முனைகளுக்கிடையே ஓடி எடுத்ததால் அது 'ரன்'. ஆனால் பந்து நேராகக் கூட்டத்துக்குள் போய் விழுந்தால், ஒருவரும் ஓடாமலே ஆறு 'ரன்'. ஓட்டம் போய்விட்டது, எண்ணிக்கை மட்டும் தங்கிவிட்டது. சொற்கள் இப்படித்தான் வளர்கின்றன: ஏணியில் ஏறியதும் ஏணியை மறந்துவிடும்.

பிறகு இயந்திரங்கள் வந்தன. கடிகாரம், நீராவி எஞ்சின், ரயில், அச்சு இயந்திரம், கடைசியில் கம்ப்யூட்டர். அத்தனையும் 'ரன்' ஆகின்றன. இந்தச் சொல் 'செட்'டை முந்தியதற்குத் தொழிற்புரட்சிக்குப் பின் வந்த இந்த இயந்திரப் பெருக்கமே காரணம் என்று எழுத்தாளர் சைமன் வின்செஸ்டர் சொல்கிறார். அப்படிப் பார்த்தால், ஒரு சமூகம் எப்போது உட்கார்ந்திருந்தது, எப்போது ஓடத் தொடங்கியது என்பதை அகராதியின் பக்க எண்ணிக்கையிலேயே பார்த்துவிடலாம்.

உறவும் ஒட்டும்

பல பொருள் கொண்ட சொல் என்றாலே ஒரே வகை என்று நினைத்துவிடக் கூடாது. தமிழில் 'ஓடு' என்றால் கால்களால் விரை என்று ஒரு பொருள். கூரையில் வேய்வதும் 'ஓடு'தான், ஆமை முதுகில் இருப்பதும் 'ஓடு'தான். கூரை ஓட்டுக்கும் ஆமை ஓட்டுக்கும் உறவு உண்டு. இரண்டும் மேலே மூடிக் காக்கும் கடினமான பொருள்கள். ஆனால் கூரை ஓட்டுக்கும் ஓடுகிற ஓட்டத்துக்கும் சம்பந்தமில்லை. பஸ்ஸில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்த அந்நியர்கள்போல, ஒலி மட்டும் ஒத்துப்போனது.

உறவுள்ள பல பொருள்களைக் கொண்டிருக்கும் தன்மைக்குப் 'பாலிசெமி' என்று பெயர் வைத்தவர் பிரெஞ்சு மொழியியலாளர் மிஷெல் பிரேயால், ஆண்டு 1897. நமக்கு இது அதற்கு வெகு முன்பே தெரியும். தொல்காப்பியம் 'பலபொருள் ஒருசொல்' என்று தனியாகப் பேசுகிறது. மண்டல புருடர் எழுதிய சூடாமணி நிகண்டின் பதினோராம் தொகுதி முழுவதும் ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களின் பட்டியல்தான். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்தார்கள்.

எத்தனை பொருள் என்று எண்ணுவதும் அவ்வளவு சுலபமில்லை. பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் உருவான வேர்ட்நெட் என்ற மின் அகராதி, 'ரன்' வினைச்சொல்லுக்கு 41 பொருள்தான் தருகிறது. ஆக்ஸ்போர்டு 645. யார் சொல்வது சரி? ரயில் ஓடுவதும் பஸ் ஓடுவதும் ஒரே பொருளா, இரண்டா? 'பத்து மணிக்கு ஒரு பஸ் ஓடுகிறது' என்று கால அட்டவணையைச் சொல்வது மூன்றாவதா? வண்ணங்களை எண்ணுவதுபோல்தான் இது. வானவில்லில் ஏழு என்பவரும் உண்டு, கடைக்குப் போய் முப்பது பச்சைகளில் புடவை எடுப்பவரும் உண்டு. கோடு இயற்கையில் இல்லை. பிரிக்கிறவர் கையில் இருக்கிறது.

சிக்கனம்

இவ்வளவு குழப்பம் எதற்கு, ஒரு பொருளுக்கு ஒரு சொல் என்று வைத்துக்கொண்டால் என்ன என்று தோன்றலாம். ஹார்வர்டில் ஜெர்மன் கற்பித்த ஜார்ஜ் கிங்ஸ்லி ஸிஃப் 1945-இல் ஒரு கணக்கு போட்டார். ஒரு சொல் எவ்வளவு அடிக்கடி புழங்குகிறதோ, அதன் வர்க்கமூலத்தை ஒட்டி அதன் பொருள்களின் எண்ணிக்கை உயர்கிறது. நான்கு மடங்கு அதிகம் புழங்கும் சொல்லுக்கு ஏறத்தாழ இரண்டு மடங்கு பொருள்கள்.

ஸிஃப் இதைச் சோம்பலாகப் பார்த்தார். பேசுகிறவர் உழைப்பை மிச்சப்படுத்துகிறார் என்றார். 2012-இல் ஸ்டீவன் பியான்டடோசியும் சக ஆய்வாளர்களும் இதை இன்னும் கூர்மையாக்கினார்கள். ஆங்கிலம், டச்சு, ஜெர்மன் மூன்றையும் ஆராய்ந்தபோது, குட்டையான, அடிக்கடி வரும், வாய்க்கு எளிதான சொற்களுக்கே அதிகப் பொருள்கள் இருந்தன. அவர்கள் வாதம் இது: சூழலே பாதிப் பொருளைச் சொல்லிவிடுகிறது, அதையே சொல்லும் திரும்பச் சொன்னால் வீண் செலவு. ஆகவே நல்ல மொழி தன்னிடமுள்ள மலிவான சொற்களை மறுபடி மறுபடி வேலைக்கு அனுப்பும்.

நம் சமையலறையைப் பாருங்கள். அரிசி அளக்க, தண்ணீர் மொள்ள, காப்பி ஆற்ற, பூரிக்கு மாவை வட்டமாக வெட்ட எல்லாவற்றுக்கும் ஒரே டம்ளர். வேலைக்கொரு பாத்திரம் வாங்கினால் அலமாரி தாங்காது. 645 பொருளுக்கும் தனித்தனிச் சொல் இருந்தால் மூளை மட்டும் தாங்குமா?

மூளைக்குள் ஒரு விநாடி

டம்ளரைக் கையில் எடுத்ததும் எதற்கு என்று நமக்குத் தெரிகிறது. சொல்லைக் கேட்டதும் எப்படித் தெரிகிறது? 1979-இல் டேவிட் ஸ்வின்னி செய்த சோதனை இன்றும் பாடப்புத்தகங்களில் இருக்கிறது. ஆங்கிலத்தில் 'பக்' என்றால் பூச்சி. சுவரில் ஒளித்துவைக்கும் ஒட்டுக்கேட்பு கருவியும் 'பக்'தான். ஸ்வின்னி ஆட்களுக்கு ஹெட்போன் மாட்டி ஒரு கதையைக் கேட்கவைத்தார். அறை மூலையில் சிலந்தி, கரப்பான் என்று வந்து, அடுத்து 'பக்' என்ற சொல் காதில் விழுகிறது. பூச்சிதான் என்பதில் துளிச் சந்தேகமும் வர வழியில்லை.

அந்தக் கணமே திரையில் ஒரு சொல் மின்னும். அது உண்மையான ஆங்கிலச் சொல்லா இல்லையா என்று பட்டனை அழுத்த வேண்டும். 'எறும்பு' என்பதற்குரிய சொல் மின்னினால் வேகமாக அழுத்தினார்கள், எதிர்பார்த்ததுதான். ஆனால் 'ஒற்றன்' என்பதற்குரிய சொல் மின்னினாலும் அதே வேகம்! சம்பந்தமே இல்லாத 'தைத்தல்' என்ற சொல்லுக்கு மட்டும் தாமதம். மூன்று அசைகள் கழித்து அதே சோதனையைச் செய்தால், எறும்பு மட்டும் வேகம். ஒற்றன் காணாமல் போயிருந்தான்.

அப்படியென்றால், சொல் காதில் விழுந்ததும் மூளை எல்லாக் கதவையும் திறந்துவிடுகிறது. பிறகு, சுமார் ஒரு விநாடிக்குள், வேண்டாத கதவுகளைச் சத்தமில்லாமல் சாத்திவிடுகிறது. சாத்தியது நமக்கே தெரிவதில்லை. சிலேடைப் பேச்சில் நாம் சிரிப்பது, இரண்டு கதவும் சாத்தப்படாமல் நிற்கும் அபூர்வக் கணத்தில்தான்.

2002-இல் ஜென்னி ராடும் சக ஆய்வாளர்களும் இன்னொன்றைக் காட்டினார்கள். உறவில்லாத இரு பொருள்கள் கொண்ட சொல்லை அடையாளம் காண மூளை சற்றுத் தடுமாறுகிறது. நாய் குரைப்பதையும் மரப்பட்டையையும் குறிக்கும் 'பார்க்' என்ற ஆங்கிலச் சொல் அதற்கு உதாரணம். உறவுள்ள பல பொருள்கள் கொண்ட சொல்லையோ அது இன்னும் வேகமாக அடையாளம் காண்கிறது. அந்நியர்கள் நெருக்கியடித்தால் இடைஞ்சல். சொந்தக்காரர்கள் கூடினால் பலம்.

ஜன்னலை அகலமாக்கு

மூளை சுலபமாகச் செய்வதை இயந்திரத்துக்குச் சொல்லித்தருவது பெரும்பாடாக இருந்தது. 1949-இல் வாரன் வீவர் என்ற அமெரிக்கக் கணிதவியலாளர், கம்ப்யூட்டர் மொழிபெயர்ப்பு சாத்தியம் என்று ஒரு குறிப்பு எழுதினார். ஓர் அட்டையில் ஒரு சொல் மட்டும் தெரியும்படி ஓட்டை போட்டு, அதைப் புத்தகத்தின் மேல் வைத்துப் பார்த்தால் பொருள் பிடிபடாது. ஓட்டையை அகலமாக்கி இருபக்கமும் சில சொற்கள் தெரியவிட்டால் பிடிபடும் என்பது அவர் யோசனை. 1960-இல் இஸ்ரேலியத் தத்துவவியலாளர் யெகோஷுவா பார்-ஹில்லல் அதற்குத் தடை எழுப்பினார். ஒரு பெட்டி 'பென்'னுக்குள் இருக்கிறது என்றால், அது எழுதும் பேனா ஆக முடியாது, குழந்தை விளையாடும் அடைப்பாகத்தான் இருக்க முடியும். பெட்டி பேனாவுக்குள் நுழையாது என்ற உலக அறிவு இயந்திரத்துக்கு எங்கிருந்து வரும் என்று கேட்டார்.

பல ஆண்டுகள் அந்தக் கேள்வி மலைபோல் நின்றது. இன்றைய மொழி மாதிரிகள் கோடிக்கணக்கான வாக்கியங்களைப் படித்து, ஒரு சொல்லின் பொருளை ஒவ்வொரு முறையும் அதன் அண்டை அயலை வைத்துப் புதிதாகக் கணிக்கின்றன. வீவரின் ஓட்டை இப்போது பக்கக்கணக்கில் அகன்றுவிட்டது.

தொல்காப்பியர் இதையும் தொட்டிருக்கிறார். பலபொருள் ஒருசொல்லின் பொருளைத் தெளிய அவர் சொல்லும் வழிகள் மூன்று: உடன் வரும் வினை, இனம், சார்பு. 'மா' என்பது மரமும் ஆகும், விலங்கும் ஆகும். மா பூத்தது என்றால் யாருக்கும் சந்தேகம் வராது. குதிரை பூக்காதே! அட்டையில் ஓட்டையை ஒரு சொல் அகலமாக்கியதும் பொருள் வந்துவிட்டது.

இதையெல்லாம் பையனுக்குச் சுருக்கிச் சொன்னேன். பாதிதான் கேட்டான். "அப்ப நம்ம ஓடுக்கு எத்தனை மாமா?" என்றான். எண்ண ஆரம்பித்தோம். பஸ் ஓடுது, படம் நூறு நாள் ஓடுது, கடை நல்லா ஓடுது, ஆறு ஓடுது. அக்கா, "வருஷம் ஓடிப்போச்சு" என்றாள். "பரீட்சை ஹால்ல ஒண்ணுமே ஓடல" என்றான் அவன். உள்ளேயிருந்து அம்மா, "ஏதோ பொழப்பு ஓடுதுன்னு எழுதிக்கோ" என்றாள். முகத்தில் புன்னகை ஓடுவது, உடம்பில் நரம்பு ஓடுவது, பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி ஓடிப்போனது என்று பட்டியல் இருபத்து மூன்றுக்கு வந்துவிட்டது.

அப்போது மொட்டை மாடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. "டேய், மோட்டார் ஓடிட்டே இருக்கு பாரு, ஓடு, ஓடு!" என்று அம்மா கத்தினாள்.

பையன் பென்சிலைப் போட்டுவிட்டு சுவிட்சை அணைக்க ஓடினான். மோட்டார் எப்படி ஓடும் என்று அவன் கேட்கவில்லை. நோட்டில் இருபத்து நான்காவது வரி இன்னும் காலியாகத்தான் இருந்தது.